அம்மாவுக்குச் சொன்ன ‘ம்’

ஜூன் 14, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை களக்காட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். சாயங்காலம் வேலை விட்டு வந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

“யாரக் கேட்டும்மா வரச் சொன்ன?” என்று கத்தினேன்.

“ஒன்னயத்தான். காலையில இட்லி திங்கும்போது கேட்டேம்லா? நீ ம்னு சொன்ன. தலைய வேற ஆட்டுனியேட்டி! அப்பா அப்பவே போன் போட்டுச் சொல்லியாச்சு.”

காலையில் நான் போனில் யாரோ ஒரு அழுக்குக் கம்பளத்தைக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுவக் கழுவ அதில் சிவப்புப் பூ தெரிந்தது நினைவிருக்கிறது. அம்மா கேட்டது ஒரு சொல்கூட நினைவில்லை. நான் வாசித்த நாவல்களில் பெண்கள் பக்கம் பக்கமாக யோசித்துச் சொல்லும் சம்மதத்தை, வாயில் இட்லியோடு சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம். அவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது. அம்மாவோ நல்ல தம்ளர்களைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள்.

சற்று முன் அவள் அறைக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம். அவங்கள வர வேண்டாம்னு சொல்லிரு.”

“ம்,” என்றாள். தலையையும் ஆட்டினாள். விரல் மட்டும் நிற்கவில்லை.

நானும் வந்துவிட்டேன். படுத்தும் தூக்கம் வரவில்லை. இந்த டைரியை மூடிவிட்டு மறுபடி போகிறேன். முதலில் அவள் கையிலிருந்து போனை வாங்க வேண்டும்.