தண்ணீர்த் தொட்டி அறை

பாப்பாவின் அம்மாவுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இதை உன் தையல் கம்பெனிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். படித்துவிட்டு வீட்டுக்குப் போ. கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும்.

நம் தெருவில் இரண்டு மாடிக்கு மேல் கட்ட அனுமதி இல்லை. நாம் இருப்பது மூன்றாவது மாடி. நகரமைப்பு அலுவலகத்தில் அளவெடுக்கிறவன் நான் என்பதால், ஆறு வருடமாக வரைபடத்தில் நம் வீட்டைத் 'தண்ணீர்த் தொட்டி அறை' என்றே எழுதிவந்தேன். நீகூடச் சிரித்தாய்.

இன்று புது அதிகாரி என்னையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். கொடியில் பாப்பாவின் யூனிஃபார்ம்.

"ஏன் சார், தண்ணித் தொட்டி எந்த ஸ்கூல்ல படிக்குது?" என்றார். "முப்பது நாள்ல காலி பண்ணணும். நோட்டீஸை நீங்களே ஒட்டிடுங்க."

யார் வீடு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாம் கொடுக்கிற வாடகைக்கு இந்த ஊரில் கார் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. அது உனக்கே தெரியும். தெரியாதது வேறு.

மூன்றாவது மாடியை அனுமதிக்கச் சொல்லிப் போன வருடம் தெருவே மனு கொடுத்ததே. "அந்த ஃபைல் என்னாச்சுங்க?" என்று நீ கேட்டபோதெல்லாம், என் மேசைக்கே வரவில்லை என்றேன். வந்தது. அனுமதி கிடைத்தால் ஓனர் வாடகையை ஏற்றிவிடுவார் என்று பயந்து, 'பரிந்துரைக்கவில்லை' என்று எழுதியவன் நான்தான்.

மனுவில் முதல் கையெழுத்து உன்னுடையது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

நம் தெருமுனையில் நிற்பேன். நீ கூப்பிட்டால்தான் மாடி ஏறுவேன்.

பாப்பாவின் அப்பா