வீட்டிலும் ஆங்கிலம்

அன்புள்ள சாருவுக்கு,

பக்கத்து அறையில் இருந்துகொண்டுதான் எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

குழந்தையிடம் வீட்டிலும் ஆங்கிலமே பேசவேண்டும் என்று பள்ளியில் சொன்னதாகச் சொன்னாய். இருமொழிக் கல்வியை ஆயுள் முழுக்க ஆராய்ந்த நான், வீட்டில் தாய்மொழிதான் வேண்டும் என்ற என் முடிவே தவறோ என்று தலையாட்டிவிட்டேன். எனக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுத வரும், கொஞ்ச வராது. அதனால் அனகாவோடு பேச்சே நின்றுபோயிற்று.

இன்று மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் அவள் என் கையை உதறினாள்.

"தாத்தா, என்மேல கோபமா? பேசவே மாட்டேங்கறேள்!"

"இல்லேடி தங்கம்," என்றேன். பிறகு வீடு வரும்வரை இருவரும் வாயே மூடவில்லை.

இனி என்னால் அவளிடம் ஊமையாக இருக்க முடியாது, அம்மா. பள்ளியில் தலைமையாசிரியையிடம் நானே வந்து சொல்கிறேன். நீ பக்கத்தில் நின்றால் போதும்.

உன் அப்பா