மேக்பைக்கு ஒரு முதலீட்டுத் திட்டம்

செப்டம்பர் 2, செவ்வாய்

நாங்கள் மூன்று பேர் பகிர்ந்து குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை வாரத்துக்கு நாற்பது டாலர் ஏறிவிட்டது. "சந்தை நிலவரம்" என்று கடிதத்தில் எழுதியிருக்கிறான் வீட்டுக்காரன். சந்தை என்னவோ வானத்திலிருந்து வருகிற மழை மாதிரியும், அவனும் எங்களோடு நனைகிற மாதிரியும்.

அலுவலகத்தில் மூன்றாவது மாதம். ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். பெர்த்தில் இருபத்தோராவது மாடி, ஆற்றைப் பார்த்த ஜன்னல். ஜன்னல் முதலாளி ஆங்கஸ் பெல்லாமிக்கு, எனக்கு அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்து மேசை. என் வேலை இவ்வளவுதான்: நாட்டில் வரும் செய்திகளில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று ஒரு கணினி நிரல் எண்ணும். எது ஏறுகிறதோ அதை நான் கோடாக வரைந்து ஆங்கஸின் மேசையில் வைக்க வேண்டும். அந்தச் சொல்லைச் சுற்றி இருக்கிற ஐந்தாறு கம்பெனிகளின் பங்குகளை அவன் ஒரே கட்டாகக் கட்டி, ஒரு பெயர் வைத்து விற்பான். கருப்பொருள் முதலீடு. செய்தியைப் படித்து எதிர்காலத்தைப் பிடிப்பதாம்.

இங்கே எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். சம்பளம் மட்டும் மரியாதை பார்த்துக் கொடுக்கப்படுகிறது.

இன்று அதிகம் ஏறிய சொல்: மேக்பை. முந்நூற்று எண்பது சதவீதம். வேறென்ன ஏறும்? செப்டம்பர், இந்த நாட்டில் வசந்தம் வந்துவிட்டது. குஞ்சு பொரித்த மேக்பைகள் - கறுப்பு வெள்ளையில் காக்கை அளவுப் பறவைகள் - தெருவில் போகிறவன் மண்டையைக் கொத்துகின்றன. தபால்காரர் காதில் கொத்தியதற்கு நாலு தொலைக்காட்சி வண்டிகள் போயிருக்கின்றன. நான் அப்படியே கோடு போட்டு வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

சிரிப்பான் என்று நினைத்தேன்.

"கீலி, இது என்ன கோடு? சுவர் மாதிரி நேரா ஏறுது!"

"மேக்பை, ஆங்கஸ். பறவை. மண்டையில கொத்தும்ல, அது."

"தெரியும் தெரியும். சின்ன வயசுல என்னையும் கொத்தியிருக்கு." தலையைத் தடவிக்கொண்டான். "இதுல ஏதோ இருக்கு."

"இதுல பறவை இருக்கு."

"கண்ணா, நீ பறவையப் பாக்கற. நான் பயத்தப் பாக்கறேன். பயந்தவன் பர்ஸத் திறப்பான்."

அந்தப் பதிலுக்குத்தான் அவனுக்கு ஆற்றில் சொந்தப் படகும் எனக்கு அச்சு இயந்திரமும்.

செப்டம்பர் 8, திங்கள்

திட்டத்துக்குப் பெயர் வைத்தாகிவிட்டது: "தலைக்குமேல் பாதுகாப்பு". மேக்பை என்று போட்டால் சிரிப்பார்களாம்.

கட்டுக்குள் இருக்கிற கம்பெனிகள்: சைக்கிள் ஹெல்மெட் செய்கிற ஒன்று. கறுப்புக் கண்ணாடி விற்கிற ஒன்று. குடைக் கம்பெனி. கண் சொட்டு மருந்து. ஆளில்லா விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் கருவி செய்கிற ஒன்று - "அதுவும் மேல இருந்துதானே வருது?" என்றான் ஆங்கஸ். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஹெல்மெட் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படித்தேன். வருமானத்தில் தொண்ணூற்றாறு சதவீதம் கழிப்பறை இருக்கையிலிருந்து வருகிறது.

செப்டம்பர் 15, திங்கள்

காலை வானொலியில் ஆங்கஸ். அலுவலகமே சுற்றி உட்கார்ந்து கேட்டது. "இந்த நாட்டுல ஆபத்து மேல இருந்துதான் வருது. செய்தி அதைச் சொல்லிக்கிட்டே இருக்கு. கேக்கறவன் முன்னாடி போறான்." பிறகு ஒருவர் தொலைபேசியில் வந்து, தான் ஐஸ்கிரீம் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாயை நடக்கக் கூட்டிப் போவதாகவும், அது இலவசம் என்றும் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

மத்தியானத்துக்குள் பதினொரு இடத்தில் செய்தி: "மேக்பையில் முதலீடு செய்யச் சொல்கிறார் நிபுணர்". என் கோடு இன்னும் ஏறியது. ஆங்கஸ் ஓடி வந்து என் முதுகில் தட்டினான். கோடு விளம்பரப் புத்தகத்தில் முதல் பக்கம் வருகிறதாம், கீழே என் பெயரோடு: "செய்திப் போக்கு ஆய்வு: கீலி டான்பி."

சந்தோஷப்பட்டேன். எழுதி வைக்கிறேன், பிறகு இல்லை என்று சொல்லக் கூடாது. அச்சில் என் பெயர் வந்ததே இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

அம்மாவைப் பார்க்க ராக்கிங்ஹாம் போனேன். குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள் - அந்த விளம்பரப் புத்தகத்தின் முதல் பக்கத்தை.

பள்ளி உணவகத்தில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். ஜூனில் உணவகத்தை ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, நாற்பத்தாறாயிரம் டாலரும் ஒரு பூச்செண்டும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வயது ஐம்பத்தொன்பது. இனி வேலை கிடைக்காது என்று அவளுக்கும் தெரியும்.

"போடப் போறேன்டி," என்றாள்.

"எதை?"

"அந்தப் பணத்த. உன் திட்டத்துல. பேர் குடுக்க முப்பதாம் தேதிதானே கடைசி? கிளப்புல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஹெதர் போடறா. ரெக்ஸ் போடறான். மொத்தம் முப்பத்திரண்டு பேர் பேர் குடுத்திருக்காங்க."

கிளப் என்றால் பந்துருட்டு கிளப். வெள்ளைச் சட்டை, புல்தரை, மூன்று மணிக்கு மேல் பீர். அதில் அறுபது வயதுக்குக் கீழே இருப்பது அம்மா மட்டும்தான்.

"அம்மா, அது என் திட்டமில்ல. நான் கோடு மட்டும்தான் போட்டேன்."

"கோடுதானே முக்கியம்? ஏறுதா இல்லையா?"

"ஏறுது."

"அப்புறம் என்ன. உக்காந்து சாப்பிடு."

உட்கார்ந்து சாப்பிட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை. ஏன்? வாயில் ஆட்டிறைச்சி இருந்தது என்பதாலா?

செப்டம்பர் 24, புதன்

தூக்கம் சரியில்லை. காலையில் சீக்கிரமே போய், போன வாரம் எண்ணிய செய்திகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். எண்ணுவது நிரல், படிப்பது என்று ஒரு வேலையே எங்கள் அலுவலகத்தில் கிடையாது.

மொத்தம் 412 செய்திகள். அதில் 371-ல் ஆங்கஸின் பெயர் இருக்கிறது.

அதாவது - அவன் வானொலியில் மேக்பை என்கிறான். செய்திக்காரர்கள் அதை எழுதுகிறார்கள். நிரல் எண்ணுகிறது. நான் கோடு போடுகிறேன். அவன் கோட்டைப் பார்த்து "ஏறுது!" என்று மறுபடி வானொலிக்கு ஓடுகிறான். கிணற்றுக்குள் கூவிவிட்டு, உள்ளே யாரோ நமக்குப் பதில் சொல்கிறார்கள் என்று பங்கு வாங்குகிறோம்.

இன்னொன்றும் செய்தேன். எங்கள் கோடு தொண்ணூறு நாள்தான் பின்னால் போகும். பழசு ஜனங்களுக்குப் பிடிக்காது என்பது ஆங்கஸின் கட்டளை. நான் ஐந்து வருஷம் பின்னால் இழுத்தேன். ரம்பத்தின் பல் மாதிரி வந்தது. ஒவ்வொரு ஆகஸ்டும் ஏற்றம், செப்டம்பர் உச்சம், நவம்பரில் தரை. ஒவ்வொரு வருஷமும். கொத்துப்பட்டவர்கள் யாரும் ஹெல்மெட் கூட வாங்கவில்லை; ஹெல்மெட் விற்பனை ஐந்து வருஷமாக அசையவே இல்லை.

இது இந்த நாட்டில் பிறந்த ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரியும். இருபத்தோராவது மாடியில் பதினான்கு பேருக்குத் தெரியவில்லை. எங்களுக்கு எல்லாம் தொண்ணூறு நாள் முன்பு தொடங்கிய உலகம்.

செப்டம்பர் 25, வியாழன்

துய் லாமிடம் காட்டினேன். எங்கள் தாள்கள் சட்டப்படி இருக்கின்றனவா என்று பார்ப்பவள். மதிய உணவை மேசையிலேயே சாப்பிடுவாள், யாரையும் நம்பாமல்.

நூடுல்ஸை நிறுத்திவிட்டு இரண்டு கோடுகளையும் பார்த்தாள்.

"செய்தி பாத்து முதலீடு பண்றதே தப்பா, துய்?"

"தப்பில்ல. செய்தி கேள்விய குடுக்கும். இவங்க அதையே பதில்னு எடுத்துக்கறாங்க." ஒரு வாய் சாப்பிட்டாள். "யார் சொல்றாங்க, எத்தன வருஷமா சொல்றாங்க, அதனால யாராவது காசு செலவு பண்ணாங்களா. மூணு கேட்டா போதும். இங்க ஒண்ணு கேட்டாலே வேலை போயிடும்."

"நீ கேக்கலாம்ல?"

"சட்டத்துல முட்டாள்தனத்துக்குத் தடை இல்ல, கீலி. பொய்க்குத்தான் தடை. 'இந்தக் கோடு யார் சார்பும் இல்லாம எடுத்தது'ன்னு கீழ யார் கையெழுத்துப் போடறாங்களோ, பொய் அவங்க தலையில." பணம் வாங்குவதற்கு முன் வெளியிட வேண்டிய சட்டத் தாளைத் திருப்பிக் காட்டினாள். "உன் பேர் இருக்கு. கையெழுத்து இன்னும் இல்ல. அது இல்லாம நான் இத வெளிய விடமாட்டேன்."

செப்டம்பர் 26, வெள்ளி

ஆங்கஸிடம் போனேன். ரம்பப் பல் கோட்டை மேசையில் வைத்தேன். நீண்ட நேரம் பார்த்தான். கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"அருமை!" என்றான்.

"என்ன?"

"வருஷா வருஷம் வருதுன்னா நிலையான தேவைதானே? இதையும் புத்தகத்துல போடு."

"ஆங்கஸ், நவம்பர்ல பூஜ்யம். நாம எண்ணினதுல பத்துக்கு ஒம்பது நீங்க பேசினது. உங்க குரலையே நாம எண்ணிக்கிட்டிருக்கோம்."

"அப்போ என் குரலுக்கு மதிப்பு இருக்குன்னு அர்த்தம்." சிரிப்பை நிறுத்தினான். "புதன்கிழமைக்குள்ள கையெழுத்து. கீலி கண்ணா, உனக்கு ஆறு மாசம் இன்னும் முடியல இல்ல? யோசிச்சுக்கோ."

வேலை போனால் வாடகை எங்கிருந்து வரும்? அப்புறம் அந்த நாற்பத்தாறாயிரம்? இந்த ஆள் வருஷத்துக்கு இரண்டு சதவீதம் கூலியை ஏறினாலும் எடுப்பான், இறங்கினாலும் எடுப்பான். அம்மா பத்தொன்பது வருஷம் சாண்ட்விச் மடித்த காசு. த்தூ.

செப்டம்பர் 29, திங்கள். அரசர் பிறந்தநாள் விடுமுறை

ராக்கிங்ஹாம். கிளப்புக்கே போய்விட்டேன். அம்மா குனிந்து பந்தை உருட்டும் நேரம் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, பணத்தப் போடாத. அது குப்ப. அந்தக் குப்பைய நான்தான் வரைஞ்சேன்."

பந்து பக்கத்துத் தடத்துக்குப் போய் ரெக்ஸின் காலில் முட்டியது.

"ஞாயித்துக்கிழம வந்தப்ப ஏன்டி சொல்லல?"

"நீ குளிர்பெட்டியில ஒட்டி வச்சிருந்த."

அம்மா நிமிர்ந்தாள். கையுறையைக் கழற்றினாள், மறுபடி போட்டாள். முகம் சிவந்துவிட்டது. முப்பத்திரண்டு பேரிடம் என் பொண்ணு, என் பொண்ணு என்று சொல்லி வைத்திருக்கிறாள். எனக்கு அழுகையாக வந்தது, ஆனால் வெள்ளைச் சட்டைக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி," என்றாள் கடைசியில். "எங்கிட்ட சொன்னத அவங்ககிட்டயும் சொல்லு. நான் சொல்லமாட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு."

நாற்காலி மேல் ஏறிச் சொன்னேன். ஹெல்மெட் கம்பெனி கழிப்பறை இருக்கை செய்கிறது என்ற இடத்தில் ஹெதர் கையைத் தூக்கினாள். எண்பத்தொரு வயது.

"அப்படின்னா அந்தக் கம்பெனியில மட்டும் தனியா போடலாமா? அது எல்லாருக்கும் வேணுமே."

அன்று கேட்டதிலேயே புத்தியான முதலீட்டு யோசனை அதுதான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை முப்பத்திரண்டு பேர் வரிசையாகத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பெயரை நீக்கச் சொன்னார்கள். ரெக்ஸுக்குக் காது மந்தம். மூன்று தடவை நீக்கச் சொன்னார். வரவேற்பு மேசைப் பெண் இரண்டு தடவை வெளியே போய் நின்றுவிட்டு வந்தாள். அம்மாதான் கடைசி. "மாரீன் டான்பி. ஆமா, அந்த டான்பிதான். எடுத்துடுங்க."

அக்டோபர் 1, புதன்

கையெழுத்துப் போடவில்லை. துய் தாளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள். திட்டம் நின்றது.

ராக்கிங்ஹாம் பத்திரிகைக்கு யார் சொன்னார்களோ, "மேக்பைத் திட்டத்தை உதறியது பந்துருட்டு கிளப்" என்று போட்டுவிட்டார்கள், ஹெதர் கழிப்பறை இருக்கையைத் தூக்கிப் பிடித்த படத்தோடு. மத்தியானத்துக்குள் நாடு முழுக்க வந்துவிட்டது.

நாலு மணிக்கு ஆங்கஸ் என்னை உள்ளே கூப்பிட்டான். வேலைநீக்கக் கடிதம் மேசையில் தயாராக இருந்தது. ஆனால் அவன் கண் திரையில்.

"இதப் பாத்தியா? இன்னிக்கு எண்ணிக்க இதுவரைக்கும் இல்லாத உச்சம்! இப்போ போய் நிறுத்திட்டோமே!"

கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

பதினொரு மணி வரை தூங்கினேன்.

அக்டோபர் 20, திங்கள்

நகராட்சித் தொலைபேசி மேசையில் வேலை கிடைத்திருக்கிறது, வாரத்தில் நாலு நாள். குப்பை எடுக்கவில்லை என்று ஜனங்கள் கத்துவார்கள், நான் குறித்துக்கொள்ள வேண்டும். சம்பளம் குறைவு. முன்னறையை இன்னொருத்திக்கு விட்டு நாலு பேராகிவிட்டோம். வீட்டுக்காரனுக்குச் சொல்லவில்லை, சந்தை நிலவரம்.

அம்மா பணத்தை வங்கியில் ஒரு வருஷ வைப்பில் போட்டுவிட்டாள். இன்னும் என்னோடு அதிகம் பேசவில்லை. "சாப்டியா" மட்டும்.

நவம்பர் 6, வியாழன்

எனக்கு வேலை இல்லாத நாள். "மூணு மணிக்குக் கிளப்புக்கு வா" என்று அம்மாவிடமிருந்து செய்தி. ஏன் என்று இல்லை. திட்டுவதற்கு என்றே நினைத்துப் போனேன்.

மதுக்கூடத்தின் மூலையில் ஒரு மடக்கு மேசை. ஒரு நாற்காலி. ஒரு சிவப்புப் பேனா. மேசை முன்னால் அம்மாவின் கொட்டை எழுத்தில் ஓர் அட்டை: "வியாழன், மூன்று முதல் ஐந்து வரை. எதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலும் என் பெண்ணிடம் காட்டவும். கட்டணம்: அவளுக்கு ஒரு பீர்."

வரிசையில் ஒன்பது பேர். எல்லார் கையிலும் தபாலில் வந்த பளபளப்பான முதலீட்டு விளம்பரப் புத்தகங்கள். ஹெதர்தான் முதல். அவள் புத்தகத்தில் விண்வெளி விடுதி, அதற்குப் பக்கத்தில் சுவர் மாதிரி ஏறும் ஒரு கோடு.

"உக்காருடி," என்றாள் அம்மா, கண்ணாடிக் குவளையை மேசையில் வைத்தபடி. "காத்துக்கிட்டிருக்காங்கல்ல."

உட்கார்ந்தேன்.