இசக்கியம்மாள் மைனியின் நான்கு வரி

என் பிரியமான மைனிக்கு,

சாரல் தொடங்கிவிட்டது. குத்துக்கல்வலசை வீட்டு மாடியில், நீங்கள் வேலை செய்த மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் காகிதம் நனைகிறது. நீங்களாக இருந்தால் திறந்தே வைத்திருப்பீர்கள். அண்ணன் பாடம் நடத்த வாசுதேவநல்லூர்ப் பள்ளிக்கூடத்துக்குக் காலையிலேயே பஸ் ஏறிவிட்டான். இப்போதெல்லாம் அவனே தோசை சுடுகிறான். வட்டமாகவே வருகிறது. நம்புவீர்களா?

இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் என் அண்ணன் மனைவி. சென்னையில் பெரிய கம்பெனியில் கெர்னல் வேலை பார்த்தவர். கணினிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற புரோகிராம் அது. எந்தப் புரோகிராமுக்கு எவ்வளவு மெமரி, யார் எதில் எழுதலாம், எதைப் படிக்க மட்டும் செய்யலாம் என்பதைக் கெர்னல்தான் தீர்மானிக்கிறது. அங்கே உங்களை 'ஈஷா' என்று கூப்பிட்டார்களாம். தென்காசிக்கு வந்த முதல் வாரமே என்னிடம் சொன்னீர்கள்: “ஏட்டி கோமதி, இனிமே நான் இசக்கியம்மாதான். எவனும் சுருக்கிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேன்.” பிறகு இந்த மாடியில் நாம் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து ஒரு கம்பெனி நடத்தினோம். உங்களுக்குக் கீழ்மட்ட வேலை, எனக்கு மேல்மட்ட வேலை.

குற்றாலத்துக்கு மேற்கே ஒரு தனியார் தோட்டம். அதற்குள் ஒரு சின்ன அருவி. மேலே மலையில் தண்ணீர் ஏறினால் கீழே குளிக்கிறவர்களுக்கு அபாயச் சங்கு ஊத வேண்டும். தண்ணீரை அளந்து சங்கை ஊதவைக்கிற கணினிப் பெட்டியை நாம்தான் செய்து கொடுத்தோம். மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. போன சாரலில், ஒரு மத்தியானம், ஊதவில்லை.

நாம் இருவரும் ஸ்கூட்டரில் பறந்து போனபோது தோட்டத்துக் காவலாளி பால்ராஜ் அண்ணாச்சி ஈர வேட்டியோடு நின்றிருந்தார். “சங்கு ஊதலம்மா. தண்ணி செவப்பா மாறுனதக் கண்டு நாந்தான் தொண்ட கிழியக் கத்துனேன். ஒரு பொம்பளப்பிள்ளையத் தலைமுடியப் பிடிச்சுல்லா இழுத்தேன்” என்றார். அந்தப் பெண் பாறையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் உங்கள் துப்பட்டாவை எடுத்து அவளைப் போர்த்தினீர்கள்.

பெட்டியைத் திறந்து பார்த்தோம். மெமரி பாதிக்கு மேல் காலியாக இருந்தது. ஆனாலும் சங்கை ஊதவைக்கிற புரோகிராம் கிளம்பும்போது, மெமரி இல்லை என்று கெர்னல் மறுத்திருந்தது. இது எப்படி?

அன்று மாலை அண்ணனும் அதையேதான் கேட்டான். நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “தென்காசி பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்குதாவல்லா? பிடிச்சவன் வரவும் இல்ல, துண்ட எடுக்கவும் இல்லன்னு வைங்க. சீட்டெல்லாம் காலியாத்தான் கெடக்கு. ஆனா கண்டக்டரு எடம் இல்லங்காரு. எவனோ துண்டப் போட்டுட்டே இருக்கான். அவன் யாருன்னு பாக்கணும்.”

கெர்னல் யாருக்கும் மெமரியை உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. தருவதாகச் சொல்லி வைக்கிறது. எவ்வளவுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம் என்று ஓர் எண்ணிக்கை வைத்துக்கொள்கிறது. நம் பெட்டியில் அந்த எண்ணிக்கைக்குக் கறாரான எல்லை உண்டு. அந்த எண்தான் எங்கோ ஏறிக்கொண்டே போயிருந்தது, இறங்கவில்லை.

நான் சுலபமான வழியைச் சொன்னேன். தினமும் காலை ஆறு மணிக்குப் பெட்டியை ரீஸ்டார்ட் செய்துவிடலாம். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடும், எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

“அந்த அஞ்சு நிமிசத்துல தண்ணி வந்துச்சுன்னா?”

“காலையில ஆறு மணிக்கு எவன் மைனி குளிக்கான்?”

“ஐயப்ப சீசன்ல வந்து பாரு. ஏட்டி, தப்பு கெர்னல்லதான் இருக்கு. எனக்குத் தெரியுது.”

அதற்கு நான் சொன்னதைத்தான் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. “உலகம் பூரா அத்தன பேரு பாத்த புரோகிராம் அது. நீங்க தென்காசில உக்காந்துட்டு அதுல தப்பு கண்டுபிடிக்கப் போறியளாக்கும்? நமக்கு வேற வேல இல்லையா?”

நீங்கள் டம்ளரைக் கீழே வைத்தீர்கள். “சரி” என்றீர்கள். அதன்பிறகு பதினோரு நாள் நாம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. என் ஏற்பாட்டின்படி பெட்டி தினமும் ஆறு மணிக்கு அணைந்து எழுந்தது. நீங்கள் மாடியில் தனியாக எதையோ செய்துகொண்டிருந்தீர்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், இல்லையா?

பன்னிரண்டாம் நாள் காலையில் தலை வலிக்கிறது என்று படுத்தீர்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். திருநெல்வேலிக்குக் கொண்டுபோகும் வழியில், ஆலங்குளம் வருவதற்கு முன்னாலேயே உங்கள் கை என் கையில் கனத்துவிட்டது. உங்களுக்கு முப்பத்தொன்பது வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, அண்ணன் உங்கள் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். “எனக்கு இதெல்லாம் தெரியாதுட்டி. எதையும் அழிச்சிராத” என்றான்.

திறந்தேன். நீங்கள் துண்டு போடுகிறவனைக் கண்டுபிடித்திருந்தீர்கள்.

நம் புரோகிராமில் பழைய மழை அளவுகள் ஒரு பகுதியில் இருக்கும். கை தவறி யாரும் மாற்றிவிடாதபடி அதை எப்போதும் 'படிக்க மட்டும்' என்று பூட்டி வைப்போம். புதிய அளவு சேர்க்கும்போது நடுவில் ஒரு சிறு பகுதியை மட்டும் 'எழுதலாம்' என்று மாற்றக் கேட்போம். படிக்க மட்டும் உள்ள பகுதி கோப்பிலேயே இருக்கிறது, அதை எண்ணத் தேவையில்லை. எழுதலாம் என்று ஆனால் அதற்குத் தனிப் பிரதி தேவைப்படலாம். அதனால் கெர்னல் முதலில் எண்ணிக்கையை ஏற்றும். பிறகு அதைத் தனிக் கூறாகப் பிரிக்கும். ஏற்கெனவே கூறுகள் அளவுக்கு மீறி இருந்தால் பிரிக்க முடியாது, 'முடியாது' என்று திருப்பி அனுப்பும். அனுப்பும்போது, ஏற்றிய எண்ணிக்கையை இறக்க மறந்துவிட்டது. அந்த ஒரு வழியில் மட்டும்.

சரி, கூறுகள் ஏன் அளவு மீறின? எழுதி முடித்ததும் பூட்டாமல் விட்டு, ஒவ்வொன்றையும் தனிக் கூறாகவே நிற்கவைத்தவள் நான். மறுக்கப்பட்டால் எங்கும் பதிவு செய்யாமல், நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி கேட்கும்படி எழுதியவளும் நான். கெர்னலில் தப்பு இருந்தது நிஜம். அதை மூன்று வாரமாகக் கிளறிக்கொண்டிருந்தது என் புரோகிராம்.

நீங்கள் அதையும் பார்த்திருந்தீர்கள். என் புரோகிராமில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு இருந்தது. “கோமதிட்ட சொல்லணும். இப்ப இல்ல. அந்தப் பிள்ளையப் பாத்ததுலேர்ந்து அவ சரியாச் சாப்பிடல.”

மைனி, அதைப் படித்துவிட்டு நான் கீழே இறங்கிப் போய், அண்ணன் முன்னால் உட்கார்ந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் ரசம் ஊற்றினான்.

கெர்னலைப் பராமரிக்கிறவர்களுக்கு நீங்கள் நான்கு வரித் திருத்தம் ஒன்றை அனுப்பியிருந்தீர்கள். நீங்கள் போன மறுநாள் பதில் வந்திருக்கிறது. எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. தப்பைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், ஆனால் இந்தத் திருத்தம் இன்னொரு வழியில் எண்ணிக்கையை இரண்டு முறை இறக்கிவிடும், மாற்றி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்.

யார் அனுப்புவது?

எனக்குக் கெர்னல் தெரியாது. நீங்கள் அடிக்கோடிட்ட புத்தகங்களை அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டே படித்தேன். ஐப்பசி மழை முழுக்க அதிலேயே போனது. நான் எழுதியது இரண்டு முறை கணினியையே படுக்கவைத்தது. கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வந்து குவிந்தார்கள். அந்த ஆறு மணி ஐந்து நிமிடத்துக்காக நான் தினமும் விடியும்போதே தோட்டத்துக்குப் போய், பால்ராஜ் அண்ணாச்சியோடு ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “மிசினு எந்திரிக்கிற வரைக்கும் நாம ரெண்டு பேருந்தான் சங்கு, என்னம்மா?” என்பார். நீங்கள் கேட்ட கேள்விக்கு அங்கே நின்றுதான் பதில் சொன்னேன்.

மாசி மாதம் பிடிபட்டது. தோற்று வெளியேறுகிற வழிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, எண்ணிக்கையை அங்கே ஒரே ஒரு முறை இறக்கினேன். உங்கள் சோதனைப் புரோகிராமை நாள் முழுக்க ஓடவிட்டேன். எண் ஏறியது, இறங்கியது, நின்ற இடத்தில் நின்றது. என் புரோகிராமையும் திருத்தினேன்.

அனுப்பும்போது எழுதியவர் பெயர் இசக்கியம்மாள் என்று முழுசாகப் போட்டேன். உடன் எழுதியவள் என்று கீழே என் பெயர். மாற்றங்களுக்கு அசல் ஆசிரியர் சம்மதிக்கிறாரா என்று கேட்டார்கள். அந்த மடலுக்குப் பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. நீங்கள் இல்லை என்று நான் யாரிடமும் எழுத்தில் சொன்னதில்லை. வந்தவர்கள் எல்லாம் தெரிந்துதானே வந்தார்கள். கடைசியில் ஒரே வரி எழுதினேன். வருந்துவதாகவும், முதல் திருத்தத்தில் நீங்கள் ஒப்பமிட்டதே போதும் என்றும், பெயர் அப்படியே இருக்கும் என்றும் அந்த மனிதர் பதில் எழுதினார். இருக்கிறது, மைனி. ஒரு எழுத்துகூடச் சுருங்காமல்.

பங்குனியில் திருத்திய கெர்னலைப் பெட்டியில் ஏற்றி, ரீஸ்டார்ட்டை நிறுத்தினேன். பெட்டி அதன்பிறகு ஒரு நாளும் அணையவில்லை. போன வாரம் மத்தியானம் பால்ராஜ் அண்ணாச்சி போன் செய்தார். பின்னால் சங்குச் சத்தம். “ஊதுதும்மா! கேக்குதா? எல்லாரும் மேல ஏறிட்டாவ. நான் கத்தவே இல்ல!” அண்ணனிடம் சொன்னேன். கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய் மழையில் நின்றான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தான்.

இன்று காலை உங்கள் முகவரிக்கு ஒரு மடல் வந்திருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர். 'அன்புள்ள இசக்கியம்மாள்' என்று தொடங்குகிறார். நீங்கள் திருத்திய இடத்தில், மெமரியைப் 'பெரிய பக்கங்கள்' என்ற பெரிய அளவுகளில் பயன்படுத்தும்போது எண்ணிக்கை ஒன்று கூடுதலாகக் காட்டுகிறதாம், தயவுசெய்து பார்க்க முடியுமா என்று கேட்கிறார். இரண்டு முறை படித்தேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. தென்காசியில் உட்கார்ந்திருக்கிற உங்களிடம் வந்து கேட்கிறார்கள், பாருங்கள்.

அவர் சொல்வது சரியா என்று இன்னும் தெரியாது. சோதனையை ஓடவிட்டிருக்கிறேன். உங்கள் பெயரைக் கேட்டு வருகிற ஒரு மடலையும் பதில் இல்லாமல் கிடக்க விட மாட்டேன், மைனி. தெரிந்தால் சொல்வேன், தெரியாவிட்டால் படித்துவிட்டுச் சொல்வேன். தப்பு நம்முடையதென்றால், நம்முடையதுதான் என்று எழுதுவேன்.

உங்கள் வாயால் 'ஏட்டி' என்று கூப்பிடப்பட்ட நாத்தனார்,
கோமதி