வகுப்பில் வைத்த தேர்தல்

அட்டன், 1953 ஐப்பசி, செவ்வாய்.

குடியியலை எத்தனை நாள்தான் கரும்பலகையில் நடத்துவது? இன்று கல்லூரி மேல்வகுப்பில், வகுப்புத் தலைவருக்கு ஒரு மாதிரித் தேர்தல் வைத்தேன். பிஸ்கட் டின்தான் ஓட்டுப்பெட்டி. ராகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்த பரமேஸ்வரியைத் தேர்தல் அதிகாரியாக உட்கார வைத்தேன்.

வரிசையில் முதலில் நின்ற முருகேசுவிடம் அவள் கேட்டாள்: "ஒங்க அப்பா இந்த நாட்டுல பொறந்ததுக்கு அத்தாட்சி இருக்கா?"

நான் சொல்லிக்கொடுக்காத கேள்வி. விளையாட்டென்று நினைத்தேன். முருகேசு "இல்லீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான். அடுத்தவனும் போனான். அதற்கடுத்தவளும் போனாள். தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருவர்கூட எதிர்த்துக் கேட்கவில்லை. டவுன் பிள்ளைகள் சிலர்தான் ஓட்டுப் போட்டார்கள்.

"என்ன பரமேஸ்வரி இது?" என்று அதட்டினேன்.

"இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டுப் போனப்ப, கவர்மெண்டுக் கச்சேரியில எங்கப்பாவ அப்படித்தான் சார் கேட்டாங்க. அதுதானுங்களே மொதக் கேள்வி?"

கிண்டலாகச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

வகுப்பே சுருங்கிப் போயிருந்தது. சிரிக்க வைக்கலாம் என்று நானே ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு பெட்டியருகே போனேன். பரமேஸ்வரி எழுந்து நின்று, மரியாதையாகத்தான் கேட்டாள்:

"ஒங்க அப்பாங்க, சார்?"

என் அப்பா திருச்சிப் பக்கமிருந்து கொத்மலைக்குத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட வந்தவர். அத்தனை பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

நானும் எதிர்த்துக் கேட்கவில்லை.