எறும்பு மரம் பூத்த சேதி

உ

மஹய்யாவ, கண்டி
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

உன் சித்தப்பா கணேஸ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் இந்த வீடும் பின்பக்கம் நீ வைத்துவிட்டுப் போன மரமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். அங்கே நோர்வேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காலுக்குச் சப்பாத்தும் தலைக்குக் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவருக்கு என்னை நன்றாகத் தெரியும், கூட்டத்திலும் என் பக்கம்தான் பார்ப்பார். போனில் பேசலாமே, சித்தப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் உன் குரல் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழை வெயில் கதை பேசிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினாலும் என் கையெழுத்தைப் பார்த்து வாத்தியாரே எழுந்து நின்றவர், அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவின் காரியமெல்லாம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. நீ போனில் பார்த்தது கொஞ்சம்தான், உன் போனுக்குள் அடங்காத சனம். பெரஹெரா ஊர்வலத்துக்குக்கூட கண்டியில் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை, பொலிஸ்காரன் ரோட்டை மறித்து வாகனத்தையெல்லாம் வேறு வழியில் அனுப்பினான் என்றால் பார்த்துக்கொள். கடை வைத்திருக்கிற சேதுராமன் கருமாதிச் சாப்பாட்டுக்கு அரிசி மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான். உன் அப்பா, அண்ணன் பொன்னையா செத்தபோது வந்ததைவிட அண்ணிக்குத்தான் கூட்டம். பெட்டியை மூடும் நேரத்தில் நீ அந்தப் போனுக்குள்ளிருந்து, "அம்மா ஒரு தடவையாவது என்னைய வான்னு கூப்பிடலியே சித்தப்பா, எம்மேல கோவமா?" என்று கேட்டாய். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற நான் அன்றைக்குப் போனைச் சேதுராமன் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கப் போய்விட்டேன். இப்போது பதில் கிடைத்திருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மரத்திலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். கடுகண்ணாவைக்குக் கீழே ஓடைக்கரைக் காட்டில் நீ கெம்பஸ் படிப்பு வேலைக்காகப் போய், விதை பொறுக்கி வந்து நட்ட, சிங்களத்தில் கல் கரந்த என்கிற அந்த எறும்பு மரம் இப்போது கோயில் கோபுர உயரம். சரி, நீ அதைப் படித்தவள், உன்னிடம் எடுபடாது, தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்துச் சுவரைத் தாண்டி ஒரு ஆள் உயரம். நீ சொன்ன மாதிரியே கொப்பெல்லாம் கணுவுக்குக் கணு வீங்கி, உள்ளே புல்லாங்குழல் போலக் கூடாகி, ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை வைத்து எறும்பு குடியிருக்கிறது. நம்ம லயத்து வரிசை வீடுகளில்கூட அவ்வளவு குடும்பம் கிடையாது. கொழுந்து விடும்போது இளஞ்சிவப்பாக, பிழிந்து தொங்கப்போட்ட ஈரத்துணி மாதிரித் தொங்கும். இலைக்காம்பு அடியில் காது மாதிரி ஒன்று வளர்கிறதே, அதை நான் தெருப்பிள்ளைகளுக்குக் காட்டி, இந்த மரத்துக்குக் காது கேட்கும், பார்த்துப் பேசுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒருத்தனும் அந்தப் பக்கம் கெட்ட வார்த்தை பேசுவதில்லை.

நீ பிளேன் ஏறின அன்றைக்கு அம்மா அழுத அழுகைக்கு, "இது பூக்க வருஷக்கணக்காகும்மா, பூத்தா ஒரு போன் போடு, எங்க இருந்தாலும் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ ஆறுதலுக்குச் சொன்னாயோ என்னவோ, அண்ணி அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டாள். எறும்புதான் மரத்துக்குக் காவல் என்று நீ சொன்னதை நம்பி, வாசலுக்குக் கோலம் போடும் பச்சரிசி மாவில் ஒரு பிடியை மிச்சம் வைத்து மரத்தடியிலும் சின்னதாக ஒரு கோலம் போடுவாள். அவ்வளவு செய்தும் மரம் பூக்கவில்லை. பேராதனைப் பூந்தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் பிடித்தவன் நான், வெள்ளைக்காரத் துரைமார்களுக்கே மரத்தின் பேர் சொல்லிக் கொடுத்தவன், இது ஆண் மரம், சென்மத்துக்கும் பூக்காது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மஹய்யாவ முழுக்க அதுதான் பேச்சு, சேதுராமன் கடையில் தேத்தண்ணி குடிக்க வருகிறவர்கள்கூட ஆண் மரம் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். அண்ணி மறுத்து ஒரு வார்த்தை பேசினதில்லை. சிரித்துக்கொள்வாள்.

கருமாதி முடிந்த பிறகு ஒருநாள் பைப்படிக்கு முகம் கழுவப் போனேன். இலைக்கு அடியில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. வெள்ளையில் லேசான ரோஸ், பிறந்த பிள்ளையின் உள்ளங்கால் மாதிரி. நான் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். வாழ்ந்த காலமெல்லாம் காத்திருந்தவள் போன பிறகு பூக்கிறாயே, உனக்கு வெட்கமில்லையா என்று மரத்தைத் திட்டினேன். சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ஹவ்வா உம்மா சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மரத்துக்கு ஏசாதீங்க தம்பி. அது வருஷா வருஷம் மொட்டு வச்சது. உங்க அண்ணி பாப்பம்மாதான் வெள்ளன எழும்பி வந்து கிள்ளிப் போடுவா" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். ஹவ்வா உம்மாவும் ஒருதரம் அப்படித்தான் கேட்டாராம். அதற்கு அண்ணி சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "பூத்துருச்சுன்னு கேட்டா அந்தப் புள்ள குடுத்த வாக்குக்காக ஓடியாந்துரும் உம்மா. விசா வழக்கு முடியாம வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்களாம், போன்ல சொல்லி அழுதுச்சு. படிச்ச படிப்பெல்லாம் போயிரும். நான் பாக்காட்டிப் போகுது, அது அங்க நல்லா இருக்கட்டும்."

புரிந்ததா மகள், அம்மா ஏன் கூப்பிடவில்லை என்று. கோபமாம் கோபம். உன்னைக் கூப்பிடாமல் இருப்பதற்காக அவள் ஒவ்வொரு வருஷமும் தை பிறந்ததும் விடியற்காலையில் எழுந்து போய் எறும்புக்கடி வாங்கியிருக்கிறாள். விரலெல்லாம் தடித்திருக்கும், அடுப்புச் சூடு என்பாள், நானும் அதற்கு எண்ணெய் போடச் சொல்லி வைத்தியம் சொன்னவன்.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன். கடைசி வாரத்தில் அவளால் நடக்க முடியவில்லை. பைப்படிக்குக் கொண்டுபோ என்றாள், வெயில் காய ஆசைப்படுகிறாள் என்று கதிரையில் உட்காரவைத்து அப்படியே தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் வைத்தேன். கையை நீட்டினாள், எட்டவில்லை. "கணேசு, அந்தக் கொப்ப கொஞ்சம் வளைச்சுக் குடு" என்றாள். எறும்பு கடிக்கும் அண்ணி, சும்மா இரு என்றேன். கொப்பைப் பார்த்தபடியே, சரி விடு என்று கையை மடியில் போட்டுக்கொண்டாள். பருந்துக்கண் என்று பேர் வாங்கின என் கண்ணுக்கு அந்த மொட்டுத் தெரியவில்லை. அந்த மொட்டுத்தான் இப்போது பூத்து நிற்கிறது.

அவள் விட்ட வேலையை நாம் முடிப்போம், கிள்ளிவிட்டுப் பேசாமல் இருப்போம் என்று போனேன். கையை வைத்ததும் எறும்பு ஏறிவிட்டது, கிள்ளாமலே கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். மரத்துக்காரி இல்லாவிட்டாலும் காவலை விடவில்லை அவை. துக்க வீட்டில் கோலம் போடக்கூடாது, ஆனால் எறும்புக்கு மாவு போடக்கூடாது என்று எந்த ஐயரும் சொன்னதில்லை, கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று தினம் ஒரு பிடி தூவுகிறேன். கோலம் இல்லை, வெறும் மாவு.

மரம் பூத்துவிட்டது என்று படித்ததும் டிக்கட் போட்டுவிடாதே. அப்படி வந்தால் அம்மா பட்டதெல்லாம் வீணாகிவிடும். நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன், இந்த யோசனை கெம்பஸ் பெரியாட்களுக்கும் வராது. இந்தப் பூ காயாகி, விதை விழுந்தால் அதைப் பொறுக்கி அம்மாவின் குழிக்குப் பக்கத்தில் நடப்போகிறேன். அங்கே நிழலும் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது. நீ அந்தக் கன்று பூக்கும்போது வந்தால் போதும். அதற்குள் உன் விசாக் கடுதாசியெல்லாம் கைக்கு வந்துவிடும். நான் வளர்த்தால் மரம் பாதி நாளில் பூக்கும், அதுவரை எனக்கும் ஒன்றும் ஆகாது, வைத்தியரே என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு இது இளந்தாரி நாடி என்றுதான் சொன்னார்.

குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. அழுகை வந்தால் அழுதுவிடு, அடக்கினால் நெஞ்சுக்கு ஆகாது. ஹவ்வா உம்மாவுக்கு ஒரு போன் போட்டுப் பேசு, அவரும் தனியாகத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிள்ளையாரும் முருகனும் உன் கூடவே இருக்கட்டும், உன் அப்பா அம்மா இரண்டு பேருடைய ஆசியும் உன் தலையில் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். அந்தக் கன்று மொட்டு வைத்த அன்றைக்கே உனக்குப் போன் வரும். கிள்ளிப் போட எனக்கு உன் அம்மாவின் மனசு கிடையாது தாயி.

உன் வரவுக்கு மாவும் கையுமாக நிற்கும்
சித்தப்பா கணேஸ்