மேற்கோள் குறிக்குள் ஒரு வரி

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? அப்பா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாரா? நான் நலம். சலவைக்கடை இஸ்திரிப்பெட்டி என் கையையும் சட்டை என்று நினைத்துவிட்டது, அவ்வளவுதான்.

சுட்ட புண்ணுக்கு மருந்து தேடினால் போனில் லட்சம் பக்கங்கள் வந்து விழுந்தன. கடையில் பக்கத்து மேசையில் இஸ்திரி போடுபவர், "வேணுங்கிற வரிய மேற்கோள் குறிக்குள்ள போடு தம்பி, அதே வரி இருக்கிற பக்கம் மட்டும்தான் வரும்" என்றார். மருந்து கிடைத்துவிட்டது.

அறைக்கு வந்ததும் இன்னொன்றும் தேடினேன். சின்ன வயதில் சுட்டுக்கொண்டால் நீ சொல்வாயே, "என் சுண்டெலிக்கு ஒண்ணுமில்ல, அம்மா ஊதிட்டேன்" என்று, அதைக் குறிக்குள் போட்டேன். ஒரு பக்கம்கூட வரவில்லை.

கட்டு இன்னும் பிரிக்கவில்லை, எழுத்து கோணலாக இருக்கும். வேலைக்கு நேரமாகிவிட்டது. பதிலில் வேறெதுவும் எழுத முடியாவிட்டாலும் அந்த ஒரு வரியை எழுதிவிடு.

உன் சுண்டெலி